முடியவில்லை என்று எழுதிய டப்பா

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நடந்த வரிசையில், நேரத்தோடு எழுதுகிறேன். நேரத்தில் பிசகு இருக்காது. எந்த ஃபிலிமை மெஷினில் ஏற்றினாலும் ஏற்றிய மணி, இறக்கிய மணி இரண்டையும் வேலை நோட்டில் எழுதுவது என் வழக்கம். அந்தப் பக்கம் இப்போதும் ஸ்டூடியோ மேஜையில்தான் கிடக்கிறது. "3:05 ஏற்றியது" என்று இருக்கும். இறக்கிய மணி இருக்காது.

இன்னொன்று. இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகல். வெளியே தார் உருகும் வெயில்.

நான் வேலை செய்வது ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பின்னறையில். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், வாயிலிருந்து காற்றுகூட வராது. அதனால் எனக்கு ஊமை என்று பெயர். பின்னறை எனக்குத் தோதான இடம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. தூசி புகாமல் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். பழைய போட்டோ, நெகட்டிவ், சினிமா ஃபிலிம் எது வந்தாலும் துடைத்து, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டாம். படத்தில் இருப்பவர்கள் நம்மைக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி எதிர்வரிசை மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். நாற்பத்து நாலு வயது. என் வயதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. தெருவில் யார் வீட்டில் எது நடந்தாலும் முதல் செய்தி அவள் வாயிலிருந்துதான் புறப்படும். அதனால் தெரு முழுக்க அவளுக்குப் பெயர் தந்தி. நான் தந்தியக்கா என்பேன். மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் பேசுவாள், நான் தலையாட்டுவேன். இரண்டு பேருக்கும் அது போதும்.

அக்காவின் அப்பா ரயிலில் கார்டாக இருந்தவர். வண்டியின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்பாரே, அந்த வேலை. ஆறு மாதம் முன்னால் இறந்துபோனார். அவர் விட்டுப்போனது ஒரு தகரப் பெட்டி. முன்னூற்று நாற்பது போட்டோ, இருபத்திரண்டு ரீல் ஃபிலிம், சாவி கொடுத்து ஓட்டும் ஒரு பழைய சினிமா கேமரா. கேமராவின் லென்ஸுக்கு மூடி இல்லை. கைக்குட்டையால் சுற்றிக் கட்டியிருந்தார்.

"மனுஷனுக்கு ரயில்னா உசிரு" என்றாள் அக்கா. "நான் பொறந்த அன்னைக்கு எடுத்த போட்டோன்னு ஒண்ணு வச்சிருந்தாரு. தேதி சரியா இருக்கு. படத்துல பாத்தா வெறும் தண்டவாளம்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் குரல் இறங்கியது.

"ஊமை, எனக்கு எங்கம்மா மூஞ்சி வேணும்டி. வேற எதுவும் வேணாம்."

அக்காவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டாளாம். வளர்த்த அத்தை சொன்னது. அம்மாவுக்குக் கேமராவைக் கண்டால் வெட்கம். முன்னூற்று நாற்பது போட்டோவையும் நான் ஒன்றுவிடாமல் பார்த்தேன். பதினோரு படத்தில் ஒரு பெண் வருகிறாள். ஒன்றில் முழங்கை. ஒன்றில் பின்னல். ஒன்றில் முகத்தை மறைத்த உள்ளங்கை. முகம் எதிலும் இல்லை.

"உன் இனம்டி எங்கம்மா" என்றாள் அக்கா.

மிச்சம் இருந்தது ஃபிலிம்தான். ஒன்று முதல் பதினெட்டு வரை ஓட்டியாகிவிட்டது. இன்ஜின், புகை, பாலம், மறுபடி இன்ஜின். ஒவ்வொரு டப்பாவின் மேலும் அக்காவின் அப்பா தன் கையால் ரீல் எண், வண்டி எண் எழுதி, கடைசியில் "முடிந்தது" என்று எழுதியிருந்தார். நூறு அடி ஃபிலிமும் ஓடி முடிந்தது என்று அர்த்தம்.

பத்தொன்பதாவது டப்பாவில் மட்டும் "முடியவில்லை" என்று இருந்தது.

"பாதியில நிறுத்தியிருப்பாரு" என்றாள் அக்கா. எனக்கும் அப்படித்தான் பட்டது. பாதி ஃபிலிம் படம் விழாமல் மிஞ்சியிருக்கும். அதைத்தான் குறித்து வைத்திருக்கிறார்.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் ஏறியது. ஃபிலிம் அழுகினால் அந்த வாடைதான் வரும். சுருங்கி, முறுக்கிக்கொண்டு, ஓரமெல்லாம் நொறுங்கிக் கிடந்தது. ஸ்டூடியோவை நடத்தும் அண்ணன் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிளாட்பாரக் கோடியில ஒரு பொம்பளை நிக்குது. இது ஒரு தடவைதான் தாங்கும். ரெண்டாவது தடவை ஓட்டினா தூள்தான். பாத்து செய்."

அக்காவிடம் சொன்னோம். அன்றிரவு அவள் தூங்கவில்லை என்று மறுநாள் அவள் கண்ணே சொன்னது.

அன்று அண்ணன் வெளி வேலைக்குப் போய்விட்டார். ஸ்டூடியோவில் நான் மட்டும். அக்கா ஐந்தரைக்குக் கடை முடித்து வருவதாகச் சொல்லியிருந்தாள்.

2:10. ஃபிலிமை ஏற்றினேன்.

எங்கள் மெஷின் ஃபிலிமை ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்தி எடுக்கும். நூறு அடியில் நாலாயிரம் படம். ஒரு வினாடிக்கு இரண்டு. டிக்... டிக்... டிக்... என்று சுவர்க்கடிகாரம் போலச் சத்தம் வரும். எத்தனையாவது படம் என்று திரையின் மூலையில் எண் ஓடும்.

கறுப்பு வெள்ளை. ஓடும் வண்டியின் கடைசிப் பெட்டியிலிருந்து பின்பக்கம் பார்த்து எடுத்தது. பிளாட்பாரம் பின்னால் நகர்கிறது. அதன் கோடியில் ஒரு பெண். அண்ணன் சொன்ன பெண். வண்டி போகப்போகச் சிறியவளாகிறாள். 1,480-இல் ஒரு புள்ளி. 1,512-இலிருந்து கறுப்பு. கடைசிவரை கறுப்பு.

முகம் தெரிந்தது. ஆனால் பிசைந்த மாவு போலத் தெரிந்தது. கண் எது, மூக்கு எது என்று சொல்ல முடியாது.

ஏன் இவ்வளவு மங்கல்? திரையை உற்றுப் பார்த்தேன். பிளாட்பாரத்துப் பலகையில் எண்கள் இருந்தன. அத்தனையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருந்தன.



ஃபிலிமைப் பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறேன். அதற்கு இரண்டு ஓரமும் ஓட்டை. எந்தப் பக்கம் மாட்டினாலும் ஏறிக்கொள்ளும். படம் பதிகிற மருந்து பூசிய பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். பளபளப்புப் பக்கம் பார்த்தால் படம் இடம் வலம் மாறும், மங்கலாகவும் விழும். இடம் வலத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றிவிடலாம். மங்கலை மாற்ற முடியாது. முதல் நாள் வேலைக்கு வந்தபோது செய்திருக்க வேண்டிய தப்பு. மூன்று வருடம் கழித்துச் செய்தேன், அதுவும் இந்த ரீலில்.

2:50. போன் அடித்தது. அக்கா.

"ஊமை, பாத்தியா?"

"ம்."

"மூஞ்சி தெரியுதா?"

"...தெரியுதுக்கா."

"என்னை மாதிரி இருக்காளா? வாயைத் தொறந்து சொல்லேன்டி!"

"கொஞ்சம் மங்கல்."

அந்தப் பக்கம் யாரோ தலைவலி மாத்திரை கேட்டார்கள். பிறகு அக்கா மெதுவாகச் சொன்னாள். "சரி விடு. மங்கலா இருந்தாலும் பரவாயில்ல."

அவள் பரவாயில்லை என்று சொன்ன விதம் என்னைக் கொன்றது. தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அண்ணனையும் கூப்பிடவில்லை. அண்ணன் வைத்திருந்த ஒட்டுநாடாவால் கிழிந்த ஓட்டைகளை ஒட்டினேன். மருந்துப் பக்கத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, சரியாக மாட்டினேன்.

3:05 ஏற்றியது.

டிக்... டிக்... டிக்...

இந்த முறை பலகையில் எண்கள் நேராக இருந்தன. படம் ஊசிபோலத் தெளிவு. பிளாட்பாரக் கோடியில் அவள். புடவைக் கட்டம்கூடத் தெரிந்தது. ஃபிலிம் தாங்கியது. மூச்சை விட்டேன்.

படம் 300. அவள் கையில் ஏதோ வைத்திருக்கிறாள். வட்டமாக, கறுப்பாக. முதல் தடவை அதை நான் கவனிக்கவில்லை.

படம் 640. பிளாட்பாரம் சிறுத்துவிட்டது. பலகை சிறுத்துவிட்டது.

அவள் சிறுக்கவில்லை.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். பிளாட்பாரச் சரிவு முடிந்து, சிக்னல் கம்பம் கடந்து, ரயில்வே கேட் ஒன்று வந்து பின்னால் போகிறது. எல்லாம் சிறுக்கிறது. அவள் மட்டும் அதே அளவில் இருக்கிறாள். இப்போது அவள் நிற்பது பிளாட்பாரத்தில் இல்லை. இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில்.

வண்டியின் பின்னால் வந்துகொண்டிருக்கிறாள்.

டிக்... டிக்...

அந்த டிக்குகளுக்கு நடுவே வேறு ஒரு சத்தம். சரக்... சரக்... ஜல்லியில் கால் வைக்கும் சத்தம். இந்த ஃபிலிமில் ஒலி கிடையாது. எங்கள் மெஷினில் ஸ்பீக்கரும் கிடையாது.

3:17. படம் 1,480. முதல் தடவை அவள் புள்ளியாக இருந்த இடம். இப்போது திரையில் பாதி உயரம் இருந்தாள்.

1,511.

1,512. கறுப்பாக வேண்டும்.

ஆகவில்லை.

நிறுத்தியிருக்கலாம். கை பொத்தானுக்குப் போனது உண்மை. அந்த நேரம்தான் அவள் முகம் தெரிய ஆரம்பித்தது. அக்காவின் நெற்றி. அக்காவின் மூக்கு. நிறுத்தினால் ஃபிலிம் இழுபட்டு அந்த இடத்திலேயே அறுந்துபோகும். முகம் போய்விடும்.

கையை எடுத்துக்கொண்டேன்.

சரக்... சரக்... சரக்...

ஓடி வருகிறாள். வாய் திறந்திருக்கிறது. மூச்சு வாங்குகிறாள். படம் 2,318. முழு முகம். நோட்டில் அந்த எண்ணை எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போயிருக்கிறது, இப்போதும் பார்க்கலாம்.

அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தேன்.

அவள் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று மேலே, கேமராவைப் பிடித்திருப்பவரின் முகத்தைப் பார்த்தாள்.

எங்கள் மெஷினில் லென்ஸுக்குச் சற்று மேலே இருந்தது என் முகம்.

பின்னால் நகர்ந்தேன்.

அவள் கண்ணும் நகர்ந்தது...

3,400. தண்டவாளம் தெரியவில்லை. முகம் மட்டும்.

3,700. கை நீண்டது. அந்த வட்டக் கறுப்பு.

3,990. கை மட்டும்.

3,998...

"டக்."

மூடுகிற சத்தம். மெஷினிலிருந்து வந்தது.

திரை கறுத்தது.

டிக்... டிக்... 4,001. 4,002. 4,003.

ஃபிலிம் எப்போதோ தீர்ந்துவிட்டது. எண் ஓடிக்கொண்டே இருந்தது.

சரக்.

இது மெஷினிலிருந்து வரவில்லை. என் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஓடினேன்.

ஐந்தரை வரை எதிர்வரிசையில் வெயிலில் நின்றேன். மருந்துக்கடைக்குள் போகவில்லை. அக்கா வெளியே வந்து என்னைப் பார்த்து, "என்னடி, வெளுத்துப்போய் நிக்கிற?" என்றாள். என்னை இழுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

மெஷின் நின்றிருந்தது. ஃபிலிம் ரீலில் சருகுபோல நொறுங்கிக் கிடந்தது. கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்ததைத் திறந்தேன். நாலாயிரம் படம், ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

பிளாட்பாரம். கோடியில் பெண். போகப்போகச் சிறியவளாகிறாள். 1,480-இல் புள்ளி. 1,512-இலிருந்து கறுப்பு.

"அவ்ளோதானா?" என்றாள் அக்கா.

நோட்டில் கோணலாக இருந்த எண்ணைத் தட்டினேன். 2,318.

அந்த ஒரு படம் மட்டும் இருந்தது. முன்னும் கறுப்பு, பின்னும் கறுப்பு. நடுவில் முழு முகம். ஒரு கை முன்னால் நீண்டு, உள்ளங்கை விரிந்திருந்தது.

அக்கா திரையைத் தொட்டாள். "என் மூக்குடி... இந்த முட்டை மூக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு நாப்பது வருஷமா யோசிச்சிட்டிருந்தேன்" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. அதனால் எதையும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மெஷினில் எதை ஏற்றினாலும் திரை கறுப்பாகவே இருந்தது. அண்ணன் விளக்கைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். கடைசியில் மேல் தகட்டைக் கழற்றினார்.

"ஏம்மா, லென்ஸ்ல மூடியைப் போட்டு வச்சா படம் எப்படி வரும்?"

எங்கள் மெஷின் லென்ஸுக்கு மூடி கிடையாது. அவர் கழற்றி என் கையில் கொடுத்தது கறுப்பு உலோக மூடி. பழையது. ஒரு ஓரம் நசுங்கியிருந்தது.

"அந்த ரயில்காரர் சாமானோட வந்திருக்கும். திருப்பிக் குடுத்துடு."

பைக்குள் போட்டுக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, அந்த முகத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். அத்தை வந்திருந்தார். அக்காவின் அப்பாவுக்குத் தங்கை. படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அக்கா டீ போட உள்ளே போனாள்.

"இது எதுல இருந்துச்சு?"

"பத்தொன்பதாவது ரீல்... டப்பா மேல முடியவில்லைன்னு எழுதியிருந்துச்சு."

அத்தை சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இருக்கவே முடியாதும்மா. அவ போய்ப் பதினோரு நாள் கழிச்சு எடுத்தது அது."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"காய்ச்சல்னு இவகிட்ட சொல்லி வச்சோம். காய்ச்சல் இல்ல. எங்கண்ணன் வண்டி கிளம்பிருச்சு. கேமரா மூடியை அவ கையிலயே விட்டுட்டுப் போயிட்டான். குடுக்கறதுக்காகப் பின்னாடியே ஓடினா. பிளாட்பாரம் முடிஞ்சதைப் பாக்கல... எதிர்ப்பக்கத்துலேருந்து இன்னொரு வண்டி. அண்ணன் கேமராவைக் கண்ணுல வச்சுக்கிட்டேதான் பாத்தான். அந்த ரீலை அன்னைக்கே எரிச்சுட்டான்."

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. அத்தை நிறுத்தினார். பிறகு இன்னும் மெதுவாக:

"பதினோராம் நாள் அதே வண்டி. அதே இடம். புது ரீல் போட்டு எடுத்துப் பாத்தான். திரும்பி வந்து என் காலடியில உக்காந்து அழுதான். 'முடியலம்மா, பாதியிலயே நிறுத்திட்டேன். பிளாட்பாரத்துல யாருமே இல்ல. ஆனா கேமராவுல பாத்தா அவ இன்னும் வந்துட்டே இருக்கா'ன்னான். அப்புறம் அவன் சாகறவரைக்கும், கழுவி வந்த அந்த டப்பாவைத் தொறக்கல."

அது பாதி ஃபிலிம் மிச்சம் என்ற கணக்கு இல்லை. ஒரு மனிதனால் முடியவில்லை, அவ்வளவுதான். டப்பாவை எத்தனையோ தடவை கையில் எடுத்தும் நானும் அக்காவும் தப்பாகவே படித்திருக்கிறோம்.

"இவகிட்ட சொல்லிடாதம்மா."

தலையாட்டினேன். எனக்கு ஊமை என்று பெயர் வைத்தது வீண்போகவில்லை.

அத்தை மறுபடி படத்தைப் பார்த்தார். நீண்டிருந்த அந்தக் கையைத் தன் விரலால் தடவினார். புருவம் சுருங்கியது.

"கை ஏன் காலியா இருக்கு?"

"...என்ன?"

"மூடி அவ கையிலதான் இருந்துச்சு. இறுக்கிப் பிடிச்சிருந்தா. ஒரு ஓரம் நசுங்கிப்போயிருந்துச்சு. நாலு பேர் சேர்ந்து இழுத்தும் விரலைப் பிரிக்க முடியல. அதோடவே எரிச்சோம்."

அக்கா டீயோடு வந்து, "என்ன ரெண்டு பேரும் ரகசியம்?" என்றாள்.

நான் மடியில் இருந்த பைக்குள் கையை விட்டேன். மூடி அங்கேதான் இருந்தது.

சூடாக இருந்தது. இவ்வளவு நேரமும் யாரோ உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்ததுபோல.